நிற்கும்போது ஒரு கை, உட்காரும்போது ஒரு முழம்: சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இடைவெளி பழக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளையே சுற்றிச் சுற்றி எடுத்து வருகிறேன். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுவது, உரசுவது, கேட்காமல் கட்டிப்பிடிப்பது, மூக்கோடு மூக்கு வைத்துப் பேசுவது பற்றிப் புது ஆசிரியர்களும் பெற்றோரும் என்னிடம் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

'பர்சனல் ஸ்பேஸ்' என்பதை ஆறு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

அந்தச் சொல்லைச் சொல்லவே வேண்டாம். 'தனிப்பட்ட இடைவெளி' என்றாலும் புரியாது. பிள்ளைக்கு வேண்டியது ஓர் அளவு. என் வகுப்பில் இரண்டே அளவுதான்: நிற்கும்போது ஒரு கை, உட்காரும்போது ஒரு முழம்.

ஒரு கை என்பது காலைக் கூட்டத்தில் முன்னால் நிற்பவர் தோளை நோக்கிக் கையை நீட்டி வரிசையைச் சரிசெய்கிறோமே, அந்தத் தூரம். முழத்தைத் தெரியாத பிள்ளை இல்லை. பூக்காரம்மா முழங்கையிலிருந்து விரல் நுனி வரை சரத்தை இழுப்பதைத் தினமும் பார்க்கிறார்கள்.

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1966-இல் எழுதிய நூலில், மிக நெருங்கியவர்களை மட்டும் விடும் தூரம் 18 அங்குலம் வரை என்று கணக்குப் போட்டார். அதற்கு அப்பால் நாலடி வரை நண்பர்கள், தெரிந்தவர்கள் நிற்கும் தூரம். 18 அங்குலம் என்பது நம் முழம்தான். அவர் பார்த்தது பெரும்பாலும் அமெரிக்க நடுத்தர வர்க்கத்தினரை. அதனால் அதை வேதவாக்காக எடுக்க வேண்டியதில்லை. ஆனால் கையிலேயே இருக்கும் அளவு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒரு சிக்கல் உண்டு. எண்சாண் உடம்பு என்கிறோம், அவரவர் கையால் எட்டுச் சாண், அதாவது நான்கு முழம். 115 செ.மீ. உயரமுள்ள பிள்ளைக்கு முழம் 29 செ.மீ. அளவில்தான் வரும். நிற்கும்போது அது போதாது. அதனால்தான் நிற்பதற்கு முழுக் கை.

எங்கள் வீட்டில் ஏழு பேர் ஒரே ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறோம். இதெல்லாம் வெளிநாட்டுப் பழக்கம் இல்லையா?

ஒரு பாட்டி என்னிடம் இப்படித்தான் கேட்டார், கொஞ்சம் கோபத்தோடு. நியாயமான கேள்வி.

எவ்வளவு தூரம் என்பது ஊருக்கு ஊர் மாறும். 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 42 நாடுகளில் கிட்டத்தட்ட 9,000 பேரிடம் கேட்டார்கள். அந்நியர் ஒருவர் எவ்வளவு கிட்டே வரலாம் என்றதற்கு அர்ஜென்டினாக்காரர்கள் மிகக் குறைந்த தூரத்தைச் சொன்னார்கள், ருமேனியாக்காரர்கள் மிக அதிகத் தூரத்தை. தூரம்தான் மாறியது, தூரமே வேண்டாம் என்று சொன்ன நாடு கிடையாது.

நம்மிடமும் இதற்குப் பழைய வழக்கங்கள் நிறைய உண்டு. தெரியாமல் யார் மேலாவது கால் பட்டுவிட்டால் உடனே அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்கிறோம். அடுத்தவர் சொம்பில் அண்ணாந்துதான் குடிக்கிறோம். இன்னொருவர் உடம்புக்கு ஓர் எல்லை உண்டு, அதைத் தாண்டினால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது இவற்றுக்குள்ளேயே இருக்கிறது. என் வகுப்பில் யாராவது இடித்துவிட்டால் 'சாரி' சொல்லச் சொல்வதைவிட இந்தத் தொட்டு ஒற்றிக்கொள்வதைத்தான் பிள்ளைகள் தாங்களாகவே செய்கிறார்கள். நான் மாற்றவில்லை.

வீட்டில் ஒட்டிப் படுப்பதைப் பள்ளி கெடுக்கப் போவதில்லை. அம்மா மடி வேறு, முப்பது பேர் இருக்கும் வகுப்பு வேறு. இந்த வித்தியாசம் பிள்ளைக்கு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரம் பிடிபடும்.

வேண்டுமென்றேதான் இடிக்கிறார்களோ?

சில நேரம் ஆமாம். பெரும்பாலும் இல்லை. வளரும் பிள்ளைக்குத் தன் முழங்கை எங்கே முடிகிறது என்பதே சரியாகத் தெரியாது. முதுகில் பை வேறு. திரும்பும்போது பையும் கூடவே திரும்பும் என்பது ஒன்றாம் வகுப்புக்காரருக்குப் பெரிய கண்டுபிடிப்பு.

'ரொம்பக் கிட்டே வந்துட்டான்' என்ற உணர்வுக்கு மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி வேலை செய்கிறது. இரண்டு பக்கமும் அந்தப் பகுதி பழுதான ஒரு பெண்ணை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். 2009-இல் முடிவுகள் வந்தன. மற்றவர்கள் சராசரியாக 76 செ.மீ. தூரத்தில் 'போதும்' என்ற இடத்தில், அவர் 34 செ.மீ. வரை வர விட்டார். மூக்குக்கு மூக்கு நின்றாலும் அவருக்குக் கூச்சமே இல்லை. ஆக இது உடம்பு தரும் ஓர் எச்சரிக்கை. சின்னப் பிள்ளைகளிடம் அது இன்னும் பழகவில்லை. வயதோடு இந்தத் தூரம் கூடிக்கொண்டே போய், பன்னிரண்டு வயதுவாக்கில்தான் பெரியவர்கள் அளவுக்கு வருகிறது. மூன்றாம் வகுப்பில் எல்லாம் சரியாக வேண்டும் என்று எதிர்பார்த்தால் நமக்குத்தான் ரத்த அழுத்தம்.

முதல் பாடத்தை எப்படி நடத்துகிறீர்கள்?

வேப்பமரத்தடியில், ஒரு சாக்பீஸோடு. இருபது நிமிடம் போதும்.

இரண்டு பிள்ளைகளைப் பத்தடி தள்ளி எதிரெதிரே நிறுத்துவேன். ஒருவர் மெதுவாக நடந்து வர வேண்டும். நிற்பவர், 'இதுக்கு மேல வேணாம்' என்று தோன்றும்போது உள்ளங்கையைக் காட்டி 'போதும்' சொல்ல வேண்டும். நடப்பவர் அந்த இடத்திலேயே சிலையாக நிற்க வேண்டும். கால் விரலுக்கு நேரே கோடு போடுவோம். அப்புறம் வேறொருவர் நடந்து வருவார். அப்புறம் நான். (ஆய்வாளர்கள் தூரத்தை அளப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அவர்களிடம் வேப்பமரம் இருக்காது, அவ்வளவுதான்.)

ஒருமுறை ஒரு சிறுமி பக்கத்துப் பெஞ்சுப் பையனை நாலடியிலேயே நிறுத்திவிட்டாள். அவள் தோழி வந்தபோது சொல்லவே இல்லை. இரண்டு பேர் நெற்றியும் முட்டிக்கொண்டு சிரித்தார்கள். நான் நடந்தேன். மூன்றடியில் அவள் கண் ஒருமுறை என் கையைப் பார்த்தது. வாய் 'போதும்' சொல்லவில்லை. நின்றுவிட்டேன். 'மிஸ்கிட்ட சொல்லலாமா?' என்று கேட்டாள். 'மிஸ்கிட்டயும் சொல்லலாம்' என்றேன். உடனே ஓரடி பின்னால் போகச் சொன்னாள்.

கடைசியில் தரையில் ஏழெட்டுக் கோடுகள் இருக்கும், ஒன்றுகூட ஒரே இடத்தில் இருக்காது. அதைக் காட்டினாலே போதும். ஆளுக்கு ஆள் தூரம் வேறு, ஒரே ஆளுக்கும் யார் வருகிறார்கள் என்பதைப் பொறுத்து வேறு என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். 'அப்போ எப்படித் தெரியும் மிஸ்?' என்று ஒருவராவது கேட்பார். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'தொடலாமா?', 'பக்கத்துல உட்காரலாமா?' இந்த இரண்டு கேள்விகளை அன்றைக்கே சொல்லிக்கொடுத்துவிடுவேன்.

வரிசையில்தான் பெரிய தொல்லை. தண்ணீர்க் குழாய், சாப்பாட்டு வரிசை, வகுப்பு வாசல்.

முதலில் வரிசையின் நீளத்தைக் குறையுங்கள். முப்பது பேரை ஒரே நேரத்தில் எழுப்பிவிட்டு 'இடிக்காதே' என்பது நம் தப்பு. ஆறு ஆறு பேராக எழுப்பினால் பாதிச் சண்டை தீரும்.

சாப்பாட்டு வரிசையில் மட்டும் நான் கறார். காலை உணவும் மதிய உணவும் பள்ளியிலேயே நடக்கிறது. சாம்பார் சூடாக இருக்கும், தட்டு எவர்சில்வர். அங்கே இடித்தால் வெந்துபோகும். தரையில் பாண்டி விளையாடக் கட்டம் போடுவதுபோல, ஒரு கட்டத்துக்கு ஒரு ஆள் என்று வரைந்து வைத்திருக்கிறோம். முன் கட்டம் காலியானால்தான் அடுத்த கால். பெயின்ட்டில் போட்டால் பல மாதம் நிற்கும். சாக்பீஸ் என்றால் மதியத்துக்குள் அழிந்துவிடும்.

கொரோனா ஊரடங்குக்குப் பிறகு 2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் திறந்தபோதும் வட்டம் போட்டோம். அப்போது 'பக்கத்தில் போனால் நோய் வரும்' என்று சொல்லிப் பழக்கினோம். பிள்ளைகள் பயந்தார்கள், பயம் போனதும் வட்டமும் போனது. இப்போது காரணத்தை மாற்றிச் சொல்கிறேன்: 'உன் தட்டு உனக்கு, அவ தட்டு அவளுக்கு.'

ஒரு பெஞ்சில் மூன்று பேர். இடைவெளிக்கு இடம் எங்கே?

ஐந்தடி பெஞ்ச் என்றால் 150 செ.மீ. ஆளுக்கு 50. அந்த வயதில் தோள் அகலம் முப்பது செ.மீ.க்குள்தான். இடம் இருக்கிறது, பைதான் அதை அடைக்கிறது. பைகளைச் சுவரோரம் அடுக்குங்கள். இடது கைக்காரப் பிள்ளையை இடது ஓரத்தில் உட்காரவையுங்கள். நடுவில் போட்டால் எழுதும்போதெல்லாம் முழங்கை இடிக்கும்.

நடுவில் கோடு போட்டு 'தாண்டினா அடி' என்று ஒப்பந்தம் செய்வது பிள்ளைகளுக்குப் பிடித்த விளையாட்டு. அதை நான் விடுவதில்லை. கோடு இருந்தால் நாள் முழுக்க எல்லைச் சண்டைதான் நடக்கும், பாடம் நடக்காது.

'தள்ளி உட்காரு' என்று சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டே?

இதைக் கேட்ட இளம் ஆசிரியரை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நம் மண்ணில் தூரம் என்பது அன்பு, கூச்சம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை. யாரைத் தொடலாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்று சாதி அளந்து வைத்த ஊர் இது. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் 'தள்ளி நில்' என்ற சொல் சில வீடுகளின் காதில் இன்னும் வேறு மாதிரிதான் விழும், அது அவர்கள் குற்றமில்லை.

எனக்கே நடந்தது. பல வருடம் முன்பு, பக்கத்திலிருப்பவர்களைச் சீண்டிக்கொண்டே இருந்த ஒரு பையனை மூன்று நாள் தனியாகக் கதவோரம் உட்காரவைத்தேன். நாலாம் நாள் அவன் அம்மா வேலைக்குப் போகிற வழியில் வாசலில் நின்றார். குரல் உயரவில்லை. 'டீச்சர், எம்புள்ளைய மட்டும் ஏன் தள்ளி உட்கார வெச்சீங்க?' என்றார். அவன் செய்த சேட்டையையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, 'அதுக்கு நீங்க திட்டியிருக்கலாமே' என்றார். அந்த அம்மா என்ன கேட்கிறார் என்பது எனக்குப் புரிய அன்று மாலை வரை ஆனது. மறுநாள் அவனை நடு வரிசைக்குக் கொண்டுவந்தேன்.

அன்றிலிருந்து சில விஷயங்களில் கவனமாக இருக்கிறேன். இடைவெளி என்றால் வகுப்பு முழுவதற்கும், எனக்கும் சேர்த்து. ஒரு பிள்ளையை மட்டும் தள்ளி வைப்பதில்லை. 'தள்ளிப் போ' என்று சொல்வதில்லை. 'அவளுக்கு ஒரு கை இடம் கொடு' என்கிறேன். அப்புறம், கைகோத்து விளையாடும் விளையாட்டில் யார் யார் கையைப் பிடிக்க மறுக்கிறார்கள் என்று பார்ப்பேன். 'எனக்கு இப்போ வேணாம்' என்று ஒரு பிள்ளை சொல்வது அதன் உரிமை. ஆனால் எப்போதும் ஒரே பிள்ளையின் கையை மட்டும் பலர் மறுத்தால் அங்கே நடப்பது வேறு. அதை இடைவெளிப் பாடம் என்று சொல்லி மூடிவிடக் கூடாது. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் பேச வேண்டிய விஷயம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆவது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, பிள்ளைக்கு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடிக்கும் பிள்ளையை என்ன செய்வது? தள்ளிவிட மனசு வரவில்லை.

தள்ளிவிடாதீர்கள். பாதிப் பிள்ளைகளுக்கு அன்றைக்குக் கிடைக்கும் முதல் நல்ல வார்த்தையே உங்களிடமிருந்துதான். குனிந்து, கண்ணைப் பார்த்து, 'வணக்கம் கண்ணு' சொல்லி ஒரு ஹைஃபை கொடுங்கள். வாசலில் ஒரு அட்டை மாட்டியிருக்கிறேன். கும்பிடும் கை, ஹைஃபை, கை குலுக்கல், வெறும் புன்னகை என்று நாலு படம். உள்ளே வரும்போது பிள்ளை தொட்டுக்காட்டுவதுதான் அன்றைய வணக்கம். பல நாள் ஒன்றும் பேசாத ஒரு பிள்ளை புன்னகைப் படத்தையே தொட்டுவிட்டுப் போகும். அதுவும் வணக்கம்தான்.

நாமும் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். கன்னத்தைக் கிள்ளுவது, தலையில் தட்டுவது, காதைப் பிடிப்பது எல்லாம் நிற்கட்டும். எழுதக் கை பிடித்துக் காட்டும் முன் 'பிடிக்கட்டா?' என்று கேளுங்கள். போன வருடம் நோட்டைப் பார்க்கக் குனிந்தபோது ஒரு பொடியன் கையை நீட்டி அளந்து பார்த்துவிட்டு, 'மிஸ், நீங்கதான் கிட்ட வந்துட்டீங்க' என்றான். பின்வாங்கினேன், வேறு என்ன செய்ய?

தொந்தரவு பொறுக்காமல் என் மகள் ஒரேயடியாக அடித்துவிடுகிறாள்.

அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை என்று அர்த்தம். 'போதும்', 'எனக்கு இடம் வேணும்' என்று சத்தமாக, கையைக் காட்டிச் சொல்ல வீட்டில் பழக்குங்கள். இரண்டு முறை சொல்லியும் கேட்காவிட்டால் ஆசிரியரிடம் வர வேண்டும். அப்படி வருகிற பிள்ளையை 'சும்மா கோள் சொல்லாதே' என்று திருப்பி அனுப்பினால் அடுத்த முறை அடிதான் விழும். இதை ஆசிரியர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

எவ்வளவு சொன்னாலும் ஒரு பிள்ளை மட்டும் மேலேயே விழுகிறது.

அந்த உடம்புக்கு அழுத்தம் தேவைப்படலாம். சில பிள்ளைகள் எதன் மீதாவது அழுந்திக்கொண்டிருந்தால்தான் நிம்மதியாக இருப்பார்கள். ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு போன்றவை இருக்கும் பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம்; எதுவும் இல்லாத பிள்ளைகளிடமும் பார்க்கலாம். நோட்டுக் கட்டைத் தூக்கி வரச் சொல்வது, சுவரைக் கையால் தள்ளச் சொல்வது, நாற்காலி நகர்த்தச் சொல்வது என்று உடம்புக்கு வேலை கொடுத்தால் அடுத்த அரைமணி நேரம் அடங்கும். தரையில் உட்காரும் வகுப்பென்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனிப்பாய் போடாமல் எல்லோருக்கும் தனித்தனிச் சாக்கு விரிப்பு கொடுங்கள்.

இதற்கு நேர்மாறான பிள்ளையும் உண்டு. சட்டை உரசினாலே துடித்துவிடும். அதைக் கூட்டத்துக்கு நடுவில் உட்காரவைக்காதீர்கள். இரண்டு வகையிலும் மாதக்கணக்கில் மாற்றம் இல்லையென்றால் சிறப்பாசிரியரிடமோ குழந்தை நல மருத்துவரிடமோ காட்டச் சொல்லுங்கள். ஆசிரியர் பெயர் வைக்கக் கூடாது, அது மருத்துவர் வேலை.

பென்சில், டிபன் பாக்ஸ், பை?

அதே விதிதான். கேட்டுவிட்டு எடு.

மாமாவுக்கு முத்தம் கொடு என்றால் மகன் ஓடி ஒளிகிறான். உறவினர்கள் கோபித்துக்கொள்கிறார்கள்.

விடுங்கள், ஒளியட்டும். பள்ளியில் நான் ஒரு மாதம் பழக்கியதை ஒரு காதுகுத்து விழா கெடுத்துவிடும். 'அவன் கும்பிடுவான் மாமா, கொஞ்சம் கூச்சம்' என்று நீங்கள் சொல்லிவிட்டால் மரியாதையும் கெடாது, பிள்ளையும் தப்பிக்கும். கன்னம் கிள்ளும் பெரியம்மாக்களை ஒன்றும் செய்ய முடியாது என்பீர்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போகலாம், நான் செய்திருக்கிறேன்.

இதுவும் 'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' பாடமும் ஒன்றா?

ஒன்றில்லை, ஆனால் அதற்கு இது அடித்தளம். இடைவெளிப் பாடம் தினசரி நாகரிகம். தெரியாமல் இடித்தவன் குற்றவாளி இல்லை. மற்றது பாதுகாப்பு. இரண்டையும் ஒரே நாளில் எடுத்தால் தோளில் கை போட்ட நண்பனையே பிள்ளை சந்தேகத்தோடு பார்க்கும். ஆனால் ஆசிரியரிடமே 'போதும்' சொல்லிப் பழகிய பிள்ளைக்கு வேறிடத்தில் வாய் திறப்பது கொஞ்சம் எளிது.

பிள்ளை எதையாவது சொன்னால் குறுக்கே பேசாமல் கேளுங்கள், மற்றவர்கள் முன் விசாரிக்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படி ஒரு குற்றம் நடந்தது யாருக்குத் தெரியவந்தாலும் அவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். பள்ளிக்குள்ளேயே பேசி முடிப்பது குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறையின் எண் 14417. இரண்டையும் கரும்பலகை ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

ஜூனில் தொடங்கினால் ஆகஸ்டுக்குள் 'தொடலாமா?' என்ற குரல் அங்கங்கே கேட்கும். காலாண்டு விடுமுறை முடிந்து வந்தால் பாதி மறந்திருக்கும். பொங்கல் விடுமுறைக்குப் பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு முறையும் மரத்தடிக்குப் போய்க் கோடு போடுகிறோம். ஜூனில் போட்ட இடத்திலேயே ஜனவரிக் கோடு விழாது. அந்த நாலடிச் சிறுமி ஜனவரியில் பக்கத்துப் பெஞ்சுப் பையனை இரண்டடி வரை விட்டாள். தோழியோடு அந்த வாரம் சண்டை, அவளை ஐந்தடியில் நிறுத்திவிட்டாள்.